ஆடுகள் குடிக்காத தண்ணீர்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில பக்கங்கள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஊக்கமூட்டும்படி இருந்தால் நல்லது என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் விருது வாங்கியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று முப்பது வருடத்துக்கு மேல் சமன்பாடு எழுதியவள் நான். எனக்குத் தெரிந்தவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் செய்த காரியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னத் தவறு. சின்னது என்று அப்போது நினைத்தேன்.

முனைவர் பட்டத்துக்காகச் சென்னையில் எலிகளோடு இருந்த காலம். விளக்கு எரிந்தால் கிண்ணத்தில் தீனி விழும். எத்தனை நாளில் எலி விளக்கைப் பார்த்ததும் கிண்ணத்திடம் போகிறது என்று எண்ண வேண்டும். நம் சமன்பாடு உங்களுக்குத் தெரியும்: விலங்கு ஒன்றை எதிர்பார்க்கிறது, நடப்பது வேறாக இருக்கிறது, அந்த இடைவெளி எவ்வளவோ அதில் ஒரு பங்கு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. எதிர்பார்த்ததே நடந்துவிட்டால் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பதினாறு எலிகளின் கணக்கைச் சராசரி எடுத்தேன். வளைகோடு மெதுவாக ஏறி, மேலே போய்ப் படிந்தது. அத்தனை அழகு.

கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவருக்கு என் வயதுதான் இருக்கும். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த எலிங்க?" என்று கேட்டார்.

"எல்லா எலியும் சேர்த்து."

"எந்த எலியும் இப்டிக் கத்துக்கலையே. ஒரு நாள் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. மறுநாள் விளக்கு எரிஞ்சா போய் நின்னுக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நாள்."

தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. மெதுவாகக் கற்றது சராசரி மட்டும்தான், எலிகள் தாவின. அதை ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு அழகான வளைகோட்டையே அச்சுக்குக் கொடுத்தேன். நன்றியுரையில் அவர் பெயரைப் போடவில்லை. இன்று யோசித்தால் அந்தப் பெயர் நினைவிலும் இல்லை.

பிறகு வேலூருக்கு வந்து கல்லூரியில் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் கரும்பலகையில்தான் எலி ஓடியது. ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது பிரபாகர் என்னைத் தேடி வந்தான்.

பிரபாகர் என்னிடம் படித்தவன். நல்ல மாணவன். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்தான். ஆற்காட்டு மக்கன் பேடா டப்பா ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றான்.

அவன் சொன்ன விஷயம் இது. தொழிற்சாலைக்குப் பின்னால் பாலாற்றை ஒட்டி ஒரு சிற்றூர். முன்பு அங்கே ஓடைத் தண்ணீரைக் குடித்த ஆடுகள் நோயில் விழுந்தன. ஊரார் புகார் கொடுத்தார்கள், அரசு விசாரணையும் நடக்கிறது. இப்போது தொழிற்சாலை கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்தெடுத்து, ஊருக்குள் கால்நடைகளுக்கென்று ஒரு தொட்டி கட்டிக் குழாயில் விடுகிறது. ஆனால் ஆடுகள் அந்தத் தொட்டியைத் தொடுவதில்லை.

"ஆடே குடிக்கலன்னா அப்புறம் இன்னா சுத்தம்னு கேக்கறாங்க மேடம். விசாரணைலயும் அதையேதான் சொல்றாங்க. நாங்க லேப் ரிப்போர்ட் காட்டறோம். அவங்க ஆட்டக் காட்டறாங்க." சிரித்தான். "நீங்க கிளாஸ்ல சொல்வீங்களே, ஒரு தடவ வயித்தக் கெடுத்த ருசிய விலங்கு மறக்காதுன்னு. அதான் இது. அத ஒரு ரிப்போர்ட்டா எழுதிக் குடுத்தா போதும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆட்டுக்குப் பழைய தண்ணீரின் வாடை நினைவிருக்கிறது. அதனால் புதுத் தண்ணீரையும் தவிர்க்கிறது. தவிர்ப்பதால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை; எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடைவெளியே உண்டாவதில்லை; திருத்திக்கொள்ள வாய்ப்பே வருவதில்லை. குடிக்காத ஆட்டுக்குத் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று தெரிய வழி கிடையாது. இதை அன்று அவனுக்கு ஒரு காகிதத்தில் எழுதியே காட்டினேன். இரண்டு வரிச் சமன்பாடு. அவன் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் எனக்குப் பணம் எதுவும் தரவில்லை. தந்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஒரு ஊரின் விவகாரத்தை என் சமன்பாடு தீர்த்து வைக்கப் போகிறது என்ற எண்ணம்தான் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வேலூர் லாங் பஜாரில் ஒரே நிறத்தில் ஆறு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஆடு வைத்திருந்தவர்களில் வசந்தா என்ற பெண் மட்டும்தான் என்னை உள்ளே விட்டார். ஐம்பதை ஒட்டிய வயது. பத்து வருடம் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்துவிட்டு, பார்வை மங்கியதும் ஆடு வாங்கியவர். அவர் மகன் அதே தோல் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. அவர் என்னை உள்ளே விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்று வாளியில் தொட்டித் தண்ணீர், மூன்றில் வேலூரிலிருந்து கொண்டுபோன தண்ணீர். ஆடுகள் வேலூர்த் தண்ணீரைக் குடித்தன. தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டன. பத்தொன்பது ஆடுகளும் அப்படியே. நோட்டில் குறித்தேன்.

வசந்தா ஒரு ஓரமாக நின்றிருந்தார். "மேடம், அந்தக் குட்டிங்களயும் எழுதிக்கினீங்களா?"

"எழுதிட்டேன்."

"இதுங்க தொட்டி கட்டின பொறவு பொறந்ததுங்க. அந்த ஓடைத் தண்ணிய இதுங்க பாத்ததே கெடையாது. இதுங்களுக்கு யாரு சொன்னாங்க?"

நான் ஒரு நிமிடம் நின்றேன். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் கணித மாதிரி பொய் என்று சொல்லக்கூடிய சாட்சி என் கண்முன் நான்கு காலில் நின்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தாயப் பாத்துக் கத்துக்கும்மா. தாய் குடிக்கலன்னா குட்டியும் குடிக்காது."

வசந்தா ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குத் தாயே இல்ல மேடம். பொறந்த அன்னிக்கே செத்துப்போச்சு. நான்தான் பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன். போன மாசம் இதுக்கும் கழிச்சல் வந்து பொழச்சுது."

"மத்த ஆடுங்களப் பாத்திருக்கும்."

அவர் குட்டியை இறக்கிவிட்டார். பிறகு ஒரு வாளியைக் காட்டி, "நீங்க கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்களேன்," என்றார்.

"நாக்க நம்பி ரிப்போர்ட் எழுத முடியாதும்மா. லேப்ல பாத்திருக்காங்க," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சமன்பாட்டில் ஒரு மாறிலி சேர்த்தேன். பிற விலங்குகளைப் பார்த்துக் கற்பதற்கான மாறிலி. அதைச் சேர்த்ததும் குட்டிகள் வளைகோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒத்துவராத ஒன்றை ஒத்துவரச் செய்வதற்காக மட்டும் நீங்கள் ஒரு மாறிலியைச் சேர்க்கும்போது, அதற்கு அழகான பெயர் வைப்பீர்கள். நானும் வைத்தேன். அறிக்கையில் அந்தப் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. கழிச்சல் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

அறிக்கையின் கடைசிப் பத்தியில், ஆடுகள் தீங்கில்லாமல் சில தடவை அந்தத் தண்ணீரைக் குடிக்க நேர்ந்தால் பயம் தானாகக் குறையும் என்று எழுதியிருந்தேன். பிரபாகர் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டான். "அத நேர்ல காட்டிட்டா விசாரணையே முடிஞ்சுடும் மேடம். வியாழக்கிழமை கடைசி வாய்தா. எப்டிக் குடிக்க வைக்கறது?"

வழி சொன்னவள் நான். ஆறு ஆடுகளைத் தனியாகப் பட்டியில் அடைத்து, காய்ந்த வேர்க்கடலைக் கொடி போட்டு, ஒன்றரை நாள் தண்ணீர் காட்டாமல் வைப்பது. தாகம் பயத்தை மிஞ்சும். ஒரு தடவை குடித்து ஒன்றும் ஆகவில்லை என்றால் முதல் இடைவெளி உண்டாகும். அங்கிருந்து என் வளைகோடு இறங்கத் தொடங்கும்.

கால்நடை மருத்துவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று டாக்டர் இம்தியாஸிடம் பேசினேன். ஆம்பூரில் தனியாக மருத்துவம் பார்ப்பவர். ஊர் ஊராக ஸ்கூட்டரில் போய்வருபவர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணி சாம்பிள் எடுக்கறப்ப நீங்க கூட இருந்தீங்களா?" என்றார்.

"ரிப்போர்ட் இருக்கு டாக்டர்."

"என்னிக்கு எடுத்ததுன்னு கேட்டீங்களா? உப்பு பிரிக்கிற மிஷினுக்கு கரண்ட் செலவு ஜாஸ்தி. தெனமும் ஓட்டறாங்களா, சாம்பிள் எடுக்கற அன்னிக்கு மட்டும் ஓட்டறாங்களான்னு யாருக்குத் தெரியும்? தாகத்துல இருக்கற ஆட்டுக்கு உப்புத் தண்ணி காட்டினா மூளைக்குப் போய்டும் மேடம். ஒரு வாரம் தள்ளுங்க. நானே சாம்பிள் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்."

விசாரணைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பிரபாகரிடம் கேட்டேன். "ரிப்போர்ட்ல எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் மேடம் இருக்கு. இம்தியாஸ் சார் எப்பவும் ஊர்க்காரங்க பக்கம்," என்றான். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வசதியாக இருந்தது. ஒரு மருத்துவர் சொன்ன உடலியல் உண்மையை யார் பக்கம் என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டேன்.

வசந்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மகன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மகனைப் பார்த்தார். பிறகு, "ஆடுங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?" என்றார்.

"ஆகாது."

"நீங்க சொன்னா சரி."

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டியைத் திறந்தோம். ஆறில் ஒன்று அந்தக் கறுப்புக் குட்டி. ஐந்து ஆடுகள் நேராகத் தொட்டிக்குப் போய்த் தலையை உள்ளே விட்டன. நீண்ட நேரம் நிமிரவே இல்லை. பிரபாகர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கறுப்புக் குட்டி தொட்டி விளிம்பு வரை போய் முகர்ந்தது. நாக்கு வறண்டு வாயோரம் நுரை கட்டியிருந்தது. பின்வாங்கிச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது. நோட்டில் அதற்கு நேரே "விதிவிலக்கு" என்று எழுதினேன். மற்ற ஐந்தும் குடித்த அளவு நான் முன்கூட்டிச் சொன்னதற்கு மிக அருகில் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கிருந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பத்தரை மணிக்கு ஒரு ஆடு பட்டிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. விலக்கிவிட்டால் மறுபடி வந்து முட்டியது. இன்னொன்று ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றியது. அதன் கண் திறந்திருந்தது. முகத்துக்கு நேரே கை வீசினால் இமைக்கவில்லை. வசந்தா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எதுவும் திரும்பவில்லை.

டாக்டர் இம்தியாஸ் வந்தார். தொட்டியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துத் துப்பினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நல்ல தண்ணி கொஞ்சங்கொஞ்சமா காட்டணும். ஒரேயடியா குடுத்தா இன்னும் ஜாஸ்தியாய்டும்," என்று வசந்தாவிடம் மட்டும் சொன்னார். ஊசி போட்டார். நானும் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அது என் மடியில் கால்களை உதைத்து உதைத்து அடங்கிப்போனது. சாயங்காலத்துக்குள் மூன்று செத்தன. மறுநாள் காலையில் நான்காவது. பிழைத்தது ஒரு பெட்டை ஆடும், குடிக்காத அந்தக் குட்டியும்.

பிரபாகர் பத்தரை மணிக்கே கிளம்பிப் போயிருந்தான்.

வியாழக்கிழமை விசாரணைக்கு நான் போனேன். வசந்தாவும் வந்தார். அங்கே முதலில் காட்டப்பட்டது ஐந்து ஆடுகள் குடிக்கும் படம். பிறகு என் அறிக்கை. நான் எழுந்து, ஆடுகள் செத்துவிட்டன, என் அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன். குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அவை யாரையும் பார்த்துக் கற்கவில்லை. இந்தத் தொட்டித் தண்ணீரையே குடித்து, நோயில் விழுந்து, தாமாகக் கற்றிருந்தன என்றேன்.

தொழிற்சாலையின் வழக்கறிஞர் அமைதியானவர். "மேடம், ஒன்றரை நாள் தண்ணி காட்டாம வெக்கச் சொன்னது யாரு?"

"நான்."

"ஆடுங்க செத்தது இந்தத் தண்ணியாலயா, நீங்க தண்ணி காட்டாததாலயா?"

"ரெண்டும் சேர்ந்து."

"தாகத்துல இல்லாத ஒரு ஆடு இந்தத் தண்ணியக் குடிச்சு செத்திருக்கா? உங்க கணக்குல ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. இரண்டு காரணங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் தாகமில்லாத ஒரு ஆடாவது அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். குட்டிகள் முன்பு குடித்ததை நான் எழுதி வைக்கவில்லை; என் நோட்டில் தாகமில்லாத எந்த ஆடும் அதைக் குடிக்கவில்லை. குடிக்காததுதான் ஊராரிடம் இருந்த ஒரே சாட்சியம். அந்தச் சாட்சியத்தைத்தான் நான் ஒன்றரை நாள் பட்டியில் அடைத்து உடைத்திருந்தேன். விசாரணை அதிகாரி என் பதிலுக்காகக் காத்திருந்தார். "இல்ல," என்றேன். எழுதிக்கொண்டார்கள். வசந்தாவைக் கூப்பிட்டு, ஆடுகளைச் சம்மதித்துத்தானே கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். அவர் ஆமாம் என்றார்.

வெளியே வந்ததும் பிரபாகரைப் பிடித்தேன். "அந்த வீடியோ எடுத்தப்புறம் இன்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்." என் கண்ணைப் பார்க்கவில்லை. "ஆனா நான் எதையும் மாத்தலயே. நீங்க எழுதினது எழுதினபடிதான் இருக்கு."

அவன் சொன்னது உண்மை. என்னிடம் நன்றாகப் படித்தவன்.

டாக்டர் இம்தியாஸ் அந்த வாரம் எடுத்த தண்ணீரின் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. உப்பு எல்லையை எத்தனையோ மடங்கு தாண்டியிருந்தது. அதையும் என் கடிதத்தையும் சேர்த்து விசாரணை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு தடவை நினைவூட்டல் எழுதினேன். முத்திரைகள் மட்டும் என்னிடம் மூன்று இருக்கின்றன. பிரபாகர் எதிர்பார்த்தபடியே விசாரணை முடிந்துபோனது. தொட்டி அங்கேயேதான் இருக்கிறது. ஊரார் ஆடுகளை ஆற்றைத் தாண்டி ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டுகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கணித மாதிரி ஒத்துப்போகிறது என்பது கேள்விக்குப் பதில் அல்ல. அதே கணக்கு வேறு ஏதாவது கதைக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் கையெழுத்துப் போடாதீர்கள். சாம்பிள் எடுத்த நாளைக் கேளுங்கள். ஆடு வளர்ப்பவர் வாயில் வைத்துப் பாருங்கள் என்றால் வைத்துப் பாருங்கள். தேதி நெருங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அது யாருடைய தேதி என்று யோசியுங்கள். இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் தலையாட்டுவீர்கள். நானும் இந்த மாதிரிப் பக்கங்களைப் படித்துத் தலையாட்டியவள்தான்.

வசந்தாவின் மகனைத் தொழிற்சாலை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். செத்த ஆடுகளுக்கு ஈடாக நான் கொண்டுபோன பணத்தை வசந்தா வாங்கிக்கொள்ளவில்லை. கோபமாக அல்ல, வேண்டாம் மேடம் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஆடுகள் மேயப் போயிருந்தன, பட்டியில் நான்குதான் இருந்தன. படலைத் திறந்து இரண்டடி வைத்தேன். தீனித் தொட்டியில் வாய் வைத்திருந்த பெட்டை ஆடு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பின்பக்கச் சுவர்வரை போய் ஒட்டிக்கொண்டது. கறுப்புக் குட்டியும் அதன் பின்னாலேயே போனது. அதற்குப் பிறகு வாங்கிய, என்னைப் பார்த்தே இராத இரண்டு ஆடுகளும் போய் அவற்றோடு நின்றன.

வசந்தா உள்ளேயிருந்து வந்தார். ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க வெளிய நின்னே பேசுங்க மேடம்," என்றார். "உள்ள வந்தா இதுங்க தீனி எடுக்காது."

நான் வெளியே போய்ப் படலைச் சாத்திக்கொண்டு பேசினேன்.